ஊசி யார் கையில்? பிள்ளைகளோடு பார்க்க, பயமுறுத்தும் பொம்மைப் படங்களில் எது முதலில்

பட்டன் பெட்டி வந்த இடத்தில் டிவியை அணைத்தேன். நான் செய்த தப்பு அதுதான்.

மூத்தவளுக்கு அப்போது ஏழு வயது. ‘கோரலைன்’ வேண்டும் என்று அவளேதான் கேட்டாள். போஸ்டரில் நீல முடியோடு ஒரு பெண் நிற்கிறாள், குழந்தைகள் படங்களின் வரிசையில் இருக்கிறது, அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. சாப்பிட்டு முடித்து, விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். படம் பாதி ஓடியிருக்கும். சிறுமியின் அம்மா உருவில் வேறொரு வீட்டில் இருந்துகொண்டு, கேட்டதெல்லாம் செய்து கொடுக்கும் அந்த இன்னொரு அம்மா, பரிசு என்று ஒரு சின்னப் பெட்டியைச் சிறுமியின் பக்கம் நகர்த்துகிறாள். உள்ளே இரண்டு கறுப்புப் பட்டன், நூல், ஊசி. இங்கேயே இருந்துவிடலாம், கண் இருக்கும் இடத்தில் இதைத் தைத்துக்கொண்டால் போதும். பக்கத்தில் இருந்தவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் அவள் நகம் பதிந்தது. “போதும், மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம்” என்று அணைத்துவிட்டேன்.

அன்று இரவு அவள் தூங்கவில்லை. மறுநாள் காலையில் நான் லேப்டாப்பில் எதையோ அடித்துக்கொண்டிருந்தேன். வந்து நின்று ஏதோ கேட்டாள். நிமிராமல் “ம்” என்றேன். என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நீதானேம்மா?” என்றாள்.

இப்போது அவளுக்கு ஒன்பது, தம்பிக்கு ஆறு. இருவரும் சேர்ந்து ‘பயமா இருக்கிற பொம்மைப் படம்’ கேட்கிறார்கள். இந்த முறை போஸ்டரைப் பார்த்து முடிவெடுப்பதாக இல்லை. கையில் இருக்கும், நிஜப் பொம்மைகளை நகர்த்தி எடுத்த படங்களை ஒருமுறை நானே தனியாக உட்கார்ந்து பார்த்தேன். எது முதலில், எது பிறகு, எது இன்னும் சில வருடம் கழித்து என்று மனதில் ஒரு வரிசை உண்டாகியிருக்கிறது. ஒன்பதும் ஆறுமாகப் பிள்ளைகள் இருக்கும் மற்ற வீடுகளிலும் இதே கேள்வி ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

தணிக்கைச் சான்றிதழைப் பார்த்து முடிவெடுக்கலாமே என்றால், அது இங்கே உதவாது. ‘தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்’, ‘கோரலைன்’, ‘பாராநார்மன்’, ‘ஃப்ராங்கன்வீனி’, ‘கூபோ அண்ட் தி டூ ஸ்ட்ரிங்ஸ்’, இயக்குநர் டெல் டோரோவின் ‘பினோக்கியோ’ ஆறுக்கும் அமெரிக்காவில் ஒரே பிஜி சான்றிதழ்தான். எலும்புக்கூடு பாட்டுப் பாடும் படத்துக்கும், குண்டு விழுந்து பிள்ளை சாகும் படத்துக்கும் ஒரே முத்திரை. பெற்றோர் கவனித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அவர்கள் கையைக் கழுவிவிட்டார்கள்.

முதலில் ஒன்று. கணினியில் வரையும் அனிமேஷனில் இதே கதையை எடுத்தால் இவ்வளவு உறுத்தாது. பொம்மையை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் படமெடுக்கும்போதுதான் முதுகுத்தண்டில் அந்தச் சில்லிப்பு ஏறுகிறது. ஏன்?

ஒரு காரணம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. ஆள் கையை வீசும்போது கேமராவில் அந்தக் கை மங்கலாக இழுபடும். நம் மூளைக்கு அந்த மங்கல்தான் ‘அசைவு’. பொம்மையையோ நிறுத்தி வைத்துத்தான் படமெடுக்கிறார்கள். நொடிக்கு 24 ஃப்ரேம், பல இடங்களில் ஒரு நிலையை இரண்டு ஃப்ரேமுக்கு வைத்து 12 நிலை. ஒவ்வொன்றும் துல்லியமாக, ஓரம் கூர்மையாக இருக்கும். அதனால் அது நடக்கும்போது நடப்பதாகவும் தோன்றும், ஒவ்வொரு கணமும் நின்று நின்று போவதாகவும் தோன்றும். போதாததற்குத் துணியும் முடியும் அனிமேட்டரின் விரல் பட்டு லேசாகத் துடித்துக்கொண்டே இருக்கும். 1933இன் கிங் காங் பொம்மையின் ரோமம் காற்றே இல்லாமல் அலைவதைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

இன்னொரு காரணம் எளியது. அந்தப் பொம்மை நிஜமாகவே எங்கோ ஒரு மேஜைமேல் நின்றிருக்கிறது. அதன்மேல் விழும் வெளிச்சம் நிஜம், அது போட்டிருக்கும் ஸ்வெட்டர் நிஜம். உயிரில்லாத பொருள் உயிரோடு இருக்கிறது என்பதைக் குழந்தை ஊகிக்க வேண்டியதில்லை, கண்ணாலேயே பார்க்கிறது. தன் அலமாரியில் இருக்கும் பொம்மைக்கும் திரையில் இருப்பதற்கும் நடுவே இருக்கும் தூரம் குறைந்துவிடுகிறது. உளவியல் மேதை ஃப்ராய்ட் 1919இல் இந்த உணர்வைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட ஜெர்மன் சொல்லைப் பிரித்தால் ‘வீட்டுக்குரியது அல்லாதது’ என்று வரும். வேற்றூர்ப் பேய் அல்ல, நம் வீடே நம் வீடு மாதிரி இல்லாமல் போவது. அதற்கு அவர் காட்டிய உதாரணம், தூங்காத குழந்தைகளின் கண்ணைப் பிடுங்கிக்கொண்டு போகும் மணல்காரன் பற்றிய 1816ஆம் ஆண்டுக் கதை. கண்ணைப் பறிக்கும் பயம் ‘கோரலைன்’ படத்தில் முளைத்ததில்லை. நாம் சொல்லிக் கேட்ட அஞ்சு கண்ணனுக்குக் கண் அதிகம், அவர்களுடைய பூச்சாண்டிக்கு நம் கண்ணே வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, படங்களுக்கு வருவோம். ஒரு விஷயம் மட்டும் நினைவில் இருக்கட்டும்: எத்தனை பேய் வருகிறது என்று நான் எண்ணவில்லை. பயம் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தேன். வீட்டுக்கு வெளியிலா, உள்ளேயா? உள்ளே என்றால் யார் முகத்தில்?

பென்குவின்

ஆறு வயதுக்காரனுக்கு நான் எடுத்து வைத்திருப்பது நிக் பார்க்கின் ‘தி ராங் டிரவுசர்ஸ்’. 1993இல் வந்தது, ஆஸ்கர் வாங்கியது, அரை மணி நேரம்தான். வாலஸ் என்ற அப்பாவிக் கண்டுபிடிப்பாளர் வீட்டுக்கு ஒரு பென்குவின் வாடகைக்கு வருகிறது. பேசாது. சிரிக்காது. கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்பு மணி, அவ்வளவே. அது கதவருகில் சும்மா நின்று நாயைப் பார்க்கும் காட்சியில் வயிற்றில் ஏதோ புரளும். பட்டன் கண்ணின் பயம் முழுவதும் இதிலேயே இருக்கிறது, ஆனால் கைக்கு அடக்கமான அளவில். அடுத்த நிமிடமே பொம்மை ரயில்மேல் ஒரு துரத்தல், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பயம் வாடகைக்காரர் உருவில் வெளியிலிருந்து வருகிறது. எஜமானன் ஏமாளியாக இருந்தாலும் வீட்டு நாய் விழித்திருக்கிறது. சின்னப் பிள்ளைக்கு அது பெரிய தெம்பு. அரை மணி நேரத்தில் முடிந்துவிடுவதால், பிடிக்காவிட்டாலும் நஷ்டமில்லை. இதில் யோசிக்க வேறு ஒன்றும் இல்லை.

ஒரே ஊசி

‘தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்’ (1993) படத்தை டிம் பர்ட்டன் இயக்கியதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். கதையும் உருவங்களும் அவருடையவை, தயாரிப்பும் அவர். இயக்கியவர் ஹென்றி செலிக். பதினாறு வருடம் கழித்து ‘கோரலைன்’ எடுத்தவரும் அவரே. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது எனக்குத் தட்டுப்பட்டது ஊசி.

முதல் படத்தில் சாலி என்று ஒரு பெண். துணியில் தைத்து, உள்ளே காய்ந்த சருகு அடைத்த உடம்பு. தன்னை உருவாக்கிய விஞ்ஞானி பூட்டி வைத்திருக்கும் கோபுரத்திலிருந்து தப்பிக்க ஜன்னல் வழியாகக் குதிக்கிறாள். கீழே விழுந்து கை பிய்ந்துபோகிறது. சத்தமில்லாமல் எழுந்து உட்கார்ந்து, ஊசி நூல் எடுத்து, பிய்ந்த கையைத் தானே தைத்துக்கொள்கிறாள். எழுதும்போது கோரமாக இருக்கிறது. பார்க்கும்போது அப்படி இல்லை. முழங்கால் சிராய்ப்புக்குத் தானே மருந்து போட்டுக்கொள்ளும் ஒரு பெண்ணைப் பார்ப்பது போல இருக்கிறது.

‘கோரலைன்’ தொடங்குவதே ஊசியில்தான். பெயர்கள் ஓடும்போது, கம்பி போல மெலிந்த விரல்கள் ஒரு பழைய பொம்மையைப் பிரிக்கின்றன. பட்டன் கண்ணை அறுத்தெடுக்கிறது, வாய்த் தையலை வெட்டுகிறது, உள்ளே இருப்பதை உருவிப் போட்டுவிட்டு உடலை உள்வெளியாகத் திருப்புகிறது. பிறகு புதிதாக அடைத்து, புது முடி, புதுக் கண், மஞ்சள் மழைக்கோட்டு. ஒரு சொல் பேசுவதில்லை. கையில் அவசரம் இல்லை. நல்ல தையற்காரியின் கை. என்னை நடுக்கியது அந்த நேர்த்திதான்.

சாலி கையில் ஊசி இருக்கும்போது அவள் உடம்பு அவளுடையது. இன்னொரு அம்மா கையில் ஊசி இருக்கும்போது யார் உடம்பும் யாருடையதும் இல்லை. ஒரே இயக்குநர், ஒரே கருவி, பயத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதனால்தான் எலும்புக்கூடும் வௌவாலும் மண்டை பிளந்த விஞ்ஞானியும் மொய்க்கும் படத்தை ‘பயம் குறைவு’ என்ற பக்கத்திலும், சாப்பாட்டு மேஜையும் தோட்டமும் பியானோவும் இருக்கும் படத்தை ‘பயம் அதிகம்’ என்ற பக்கத்திலும் வைக்கிறேன்.

எலும்புக்கூட்டுப் படத்துக்கு ஆதரவாக இன்னும் இரண்டு உண்டு. 76 நிமிடம்தான், அதில் பாதி பாட்டு. டானி எல்ஃப்மனின் பாட்டுகள் பயத்தைத் தாளத்தில் கட்டிவிடுகின்றன. தாளத்துக்குள் இருக்கும் பேயோடு குழந்தை சேர்ந்து ஆடத் தொடங்கிவிடும். அடுத்தது, கதை நடக்கும் ஊரில் எல்லோருமே அரக்கர்கள், எல்லோருக்கும் அது வேலை. கதாநாயகனான எலும்புக்கூடு ஜாக் கெட்டவன் இல்லை, தன் வேலையில் சலித்துப்போனவன். டிஸ்னி நிறுவனமே இது பிள்ளைகளுக்கு இருட்டாக இருக்குமோ என்று தயங்கித் தன் பெயரைப் போடாமல் தன் இன்னொரு நிறுவனமான டச்ஸ்டோன் பெயரில் வெளியிட்டது. அவர்கள் வீண் கவலை பட்டார்கள் என்பது என் கட்சி. ஒரே ஒரு இடம் மட்டும் உறுத்தும்: முடிவில் ஊகி பூகி என்ற சாக்கு அரக்கனின் தையல் பிரிந்து உள்ளே நெளியும் பூச்சிகள் கொட்டும். பூச்சி ஒவ்வாத பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆனால் வயது இந்தக் கணக்கைத் தலைகீழாக்கும். குழந்தைகளின் திரைப் பயத்தைப் பல வருடம் ஆராய்ந்த ஜோன் கான்டர் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் கண்டுபிடிப்புகளில் ஒன்று எனக்கு மிகவும் உதவியது. பள்ளிக்குப் போகாத வயதுப் பிள்ளைகள் தோற்றத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். ‘ஹல்க்’ தொடரில் நல்ல மனிதர் பச்சை அரக்கனாக மாறும் கணம் அவர்களை நடுங்க வைத்தது. அவர் காப்பாற்ற வருகிறார் என்பது அவர்களுக்குச் சமாதானமாகவில்லை. பெரிய பிள்ளைகளுக்கோ தோற்றம் பொருட்டில்லை, ‘இது நிஜமாக நடக்குமா’ என்பதுதான் கேள்வி. ஆகவே நான்கு வயதுக்கு ஜாக்கின் மண்டையோடே போதும் அழுவதற்கு. ஒன்பது வயதுக்கு ஜாக் ஒரு ஒல்லி மாமா. ‘கோரலைன்’ மோசமாகத் தாக்குவது இதனால்தான்: இரண்டு கூட்டத்துக்கும் அதில் சரக்கு இருக்கிறது. பெரிய பிள்ளைகளுக்கு அந்தப் பட்டன் பேரம். சின்னவர்களுக்கு, இன்னொரு அம்மா நெடுநெடுவென்று வளர்ந்து, முகம் பீங்கான் போல விரிசல் விட்டு, சிலந்தியாக மாறும் அந்த மாற்றம்.

அந்த வீட்டைப் பற்றி

அதற்காக ‘கோரலைன்’ மோசமான படம் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த வரிசையில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். லைக்கா ஸ்டூடியோவின் முதல் முழுநீளப் படம், 2009, நூறு நிமிடம். முகபாவங்களை முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சடித்து மாற்றி மாற்றிப் பொருத்தி எடுத்தார்கள். முகம் மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டு துண்டு. கண்ணுக்குக் குறுக்கே ஓடும் இணைப்புக் கோட்டைப் பிறகு கணினியில் அழித்தார்கள். கோரலைன் போட்டிருக்கும் குட்டி ஸ்வெட்டரை ஆல்தியா க்ரோம் என்ற பின்னல் கலைஞர் முடியளவு மெல்லிய ஊசிகளால் பின்னினார். நல்லதும் கெட்டதுமாக இந்தப் படத்தில் எல்லாமே ஊசி வேலை.

அதைவிட எனக்கு வியப்பு, அறைகள். நிஜ வீட்டின் சமையலறையை ஆழமில்லாமல், தரையைச் சாய்த்து, சப்பையாகக் கட்டினார்கள். வண்ணமும் சாம்பல் பூத்தது. இன்னொரு வீட்டின் அதே சமையலறைக்கு உண்மையான ஆழம், சூடான வெளிச்சம். முப்பரிமாணத்தில் பார்த்தவர்களுக்கு அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் மூச்சு விட இடம் கிடைத்த மாதிரி இருந்திருக்கும். சாதா டிவியிலும் அது ஓரளவு தெரிகிறது. பொறி வைப்பவள் அந்த அம்மா மட்டுமில்லை, படமே நமக்குப் பொறி வைக்கிறது. நாமும் அங்கேயே இருக்கத்தான் ஆசைப்படுகிறோம். நிஜ அம்மா கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், தோட்டக்கலைப் பட்டியலுக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள். மகள் பேசினால் “ம்”. அந்த “ம்” யாருடையது என்று எனக்குத் தெரியும்.

பயம் இங்கே அம்மாவின் முகத்தில் உட்கார்ந்திருக்கிறது. பாசமே தூண்டில். இந்தப் படத்தைப் பிள்ளையோடு பார்க்க அதன் வயதை விட உங்கள் வீட்டு நிலவரம் முக்கியம். புது வீடு மாறியிருக்கிறீர்களா, அம்மா அப்பா பிரிந்திருக்கிறார்களா, வீட்டுக்குப் புதிதாக ஓர் ‘அம்மா’வோ ‘அப்பா’வோ வந்திருக்கிறாரா? அப்படியென்றால் ஒன்பது வயதானாலும் தள்ளிப் போடுவேன். படத்துக்குள்ளேயும் அந்தச் சிறுமி புது வீட்டுக்கு வந்தவள்தான்.

நீல் கெய்மனின் 2002ஆம் ஆண்டு நாவலை முதலில் படித்துக் காட்டிவிட்டுப் படம் பார்க்கலாமா? இதுவும் ஒரு வழி, எனக்குப் பாதி சம்மதம். புத்தகத்தில் வேகம் பிள்ளையின் கையில் இருக்கிறது, மூடி வைத்துவிட்டு ஓடலாம். ஆனால் படத்தில் கோரலைனோடு பேச வைபி என்ற பையன் இருக்கிறான், புத்தகத்தில் அவன் இல்லை. அவள் தன்னந்தனி. நிலவறையில் இன்னொரு அப்பாவுக்கு நேரும் கதி படத்தை விடப் புத்தகத்தில் மோசம். குழந்தைகள் இதைச் சாகசமாகப் படிக்கிறார்கள், பெரியவர்கள்தான் நடுங்குகிறார்கள் என்று கெய்மன் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் அவரே சொல்லும் இன்னொரு கதை உண்டு. இது குழந்தைகள் புத்தகமா, பெரியவர்கள் புத்தகமா என்று தெரியாமல் இருந்தபோது அவருடைய முகவர் தன் மகள்களுக்குப் படித்துக் காட்டிப் பார்த்தார். பயமே இல்லை என்றார்கள், புத்தகம் குழந்தைகளுக்கென்றே வந்தது. பல வருடம் கழித்து அந்த மகள்களில் ஒருத்தி உண்மையைச் சொன்னாள்: செத்துப் பிழைத்தேன், ஆனால் சொன்னால் மிச்சக் கதையைப் படித்துக் காட்ட மாட்டார்களே.

அதனால் “பயமா இருக்கா?” என்று கேட்டு, “இல்லை” என்ற பதிலை வைத்து முடிவெடுப்பதை நான் விட்டுவிட்டேன். இப்போது “அடுத்து என்ன ஆகும்னு நினைக்கிற?” என்று கேட்கிறேன். பதில் சொல்ல முடிந்தால் பிள்ளை கதைக்குள் இருக்கிறது. பேச்சு எழாமல் என் முகத்தையே பார்த்தால் பயத்துக்குள் இருக்கிறது.

நாயும் சூனியக்காரியும்

2012இல் ஒரே வருடத்தில் இரண்டு வந்தன. டிம் பர்ட்டன் தானே இயக்கிய ‘ஃப்ராங்கன்வீனி’ கறுப்பு வெள்ளை, 87 நிமிடம். கார் மோதிச் செத்துப்போன தன் நாயைச் சிறுவன் ஒருவன் இடியின் மின்சாரத்தால் எழுப்புகிறான். நாயின் உடம்பெங்கும் தையல். தண்ணீர் குடித்தால் தையல் வழியே ஒழுகும். இங்கே ஊசியைப் பிடித்திருப்பது பிரிய மனமில்லாத கை, அதனால் தையல் எதுவும் உறுத்தவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. செத்தது திரும்பி வருகிறது, இறுதியில் இரண்டாவது முறையும் வருகிறது. வளர்த்த நாயையோ பூனையையோ சமீபத்தில் பறிகொடுத்த பிள்ளைக்கு இது வீண் ஆசை காட்டும். மற்றவர்களுக்குத் தாராளமாகக் காட்டலாம், பழைய அரக்கப் படங்களைத் தெரிந்த பெரியவர்களுக்குக் கூடுதலாகச் சிரிப்பும் உண்டு.

‘பாராநார்மன்’ லைக்காவின் அடுத்த படம். முகங்களை வண்ணத்தோடே அச்சடித்து எடுத்த முதல் பொம்மைப் படம். ஆவிகளைப் பார்க்கும் பையன், அவனை ஒருவரும் நம்பாத ஊர், சூனியக்காரி சாபத்தால் எழுந்து வரும் பிணங்கள். முதல் ஒரு மணி நேரம் பிணங்களைப் பார்த்துப் பயப்படுகிறோம். பிறகு பார்த்தால் கம்பும் கட்டையுமாகத் திரண்டு நிற்கும் ஊர்க்காரர்கள்தான் பயங்கரம், பிணங்கள் பாவம் ஓடி ஒளிகின்றன. சூனியக்காரி என்று தூக்கிலிடப்பட்டது ஒரு சின்னப் பெண் என்று தெரியும் இடத்தில் என் தொண்டை அடைத்தது. ஒன்பது பத்து வயதுக்கு இதை விடப் பொருத்தமான படத்தை நான் பார்க்கவில்லை. பயம் ஊரிலும் கூட்டத்திலும் இருக்கிறது, வீட்டில் இல்லை. செத்துப்போன பாட்டிகூட சோபாவில் உட்கார்ந்து பேரனோடு டிவி பார்த்துக்கொண்டிருக்கிறாள். செத்த மாமாவின் கைப்பிடியிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கும் காட்சி மட்டும் அருவருப்பு, ஆனால் பிள்ளைகள் அதற்குத்தான் உருண்டு உருண்டு சிரிப்பார்கள்.

மற்றவற்றை வேகமாகக் கடக்கிறேன். ‘கூபோ’ (2016) அழகு, ஆனால் அதிலும் ஒரு கண் பறிபோயிருக்கிறது, மிச்சக் கண்ணைக் கேட்டு வருபவர் சொந்தத் தாத்தா. முகமூடி போட்ட சித்திகள் பனிமூட்டத்தில் மிதந்து வரும் காட்சி ‘கோரலைன்’ படத்துக்குச் சமம். ‘பினோக்கியோ’ (2022) இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, போர், பாசிசம், பிள்ளையை இழந்த தகப்பன் குடித்துவிட்டு மரத்தை வெட்டும் காட்சி. பதினொன்று பன்னிரண்டுக்கு மேல். யான் ஷ்வான்க்மயரின் ‘ஆலிஸ்’ (1988) தொடக்கத்திலேயே இது குழந்தைகளுக்கான படம், ஒருவேளை, என்று சொல்லிவிடுகிறது. அந்த ‘ஒருவேளை’யை நம்பி, மரத்தூள் கொட்டும் பாடம் செய்த முயலைப் பிள்ளையிடம் காட்டிவிடாதீர்கள். அது உங்களுக்கான படம், பிள்ளைகள் தூங்கிய பிறகு.

எப்படிப் பார்ப்பது

பகலில். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. படம் முடிந்து தூங்கப் போவதற்குள் பிள்ளைக்கு ஓடி விளையாட, சண்டை போட, நாலு மணி நேரமாவது வேண்டும். தியேட்டரில் மறுவெளியீடு வந்தால் போகலாமா என்றால், ஏற்கெனவே பார்த்த படமென்றால் மட்டும். இருட்டில், பெரிய திரையில், எழுந்து தண்ணீர் குடிக்கப் போக முடியாத இடத்தில் முதல் தடவை வேண்டாம். எல்லாவற்றிலும் மோசம் மொபைலில் காதுக்குள் ஹெட்போன் வைத்துத் தனியாகப் பார்ப்பது. திரை சின்னது, பயமும் சின்னது என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் சத்தம் தலைக்குள்ளேயே கேட்கிறது, பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு கை இல்லை.

படப்பிடிப்பு நடக்கும் வீடியோக்களை முன்பே காட்டலாமா? ஆறு வயதானவனுக்குக் காட்டிப் பயனில்லை. உள்ளே இரும்பு எலும்பு, கழற்றி மாட்டும் முகங்கள் என்று பார்த்தால் அவனுக்கு இன்னும் பயம் கூடலாம். பத்து வயதுக்குப் பக்கத்தில் இருப்பவளுக்கு அது மருந்து. அந்த வயதில் விளக்கம் பயத்தைக் குறைக்கும், சின்ன வயதில் மடிதான் குறைக்கும்.

கடைசியாக, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. பிள்ளை கேட்டால் ஒழிய நடுவில் நிறுத்தாதீர்கள். கேட்டால் ஒரு பயங்கரக் காட்சியில் நிறுத்தாமல், அது முடிந்து ஆள் மூச்சு விடும் இடம்வரை கொண்டுபோய் நிறுத்துங்கள். பட்டன் பெட்டியோடு நான் அணைத்தபோது, ஊசி என் மகள் மனதில் அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது. மிச்சத்தை அவளே இரவு முழுக்கத் தைத்துப் பார்த்திருக்கிறாள். படத்தில் கோரலைன் ஒரே மூச்சில் மறுத்துவிடுகிறாள், அடுத்த நிமிடமே வழி தேடத் தொடங்குகிறாள். அந்த நிமிடத்தைத்தான் நான் பறித்திருந்தேன். மறுநாள் மத்தியானம் ஜன்னலெல்லாம் திறந்து வைத்து மிச்சத்தைப் போட்டேன். கடைசியில் இன்னொரு அம்மாவின் கை கிணற்றுக்குள் விழுந்தபோது எழுந்து நின்று கை தட்டினாள். அன்று ராத்திரி தூங்கிவிட்டாள்.

இந்த வாரக் கணக்கு இப்படி: முதல் நாள் இருவருக்கும் பென்குவின். அது சரியாகப் போனால் அடுத்து எலும்புக்கூட்டுப் படம், தம்பி என் மடியில். ‘பாராநார்மன்’ அக்காவுக்கு மட்டும், அவன் விளையாடப் போயிருக்கும்போது. ‘கோரலைன்’ அவனுக்கு இன்னும் இரண்டு மூன்று வருடம் கழித்து.

அவன் விடுவதாக இல்லை. அக்கா பார்த்த பட்டன் படம்தான் தனக்கும் வேண்டும் என்று நேற்று சாயங்காலம் ஒரே பிடிவாதம். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்: “முழுசா பார்க்கிறதா இருந்தா மட்டும் உட்காரு. பாதியில அம்மா ஆஃப் பண்ணுவாங்க, விடாத.”